சடைக்காரியின் வியாதி

சலவை ஆலையில் அவளுக்கு வைத்த பெயர் சடைக்காரி. இடுப்புக்குக் கீழே தொங்கும் சடையைக் கொண்டையாக்கி, அதன்மேல் வலைத்தொப்பியை மாட்டி, அந்தச் சுமையோடு வருஷக்கணக்காக நீராவி உருளைக்கு முன்னால் நின்று ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் தேய்த்தவள். மாலை ஷிஃப்டுக்கு சூப்பர்வைசர் வேலை உனக்குத்தான் என்று மேனேஜரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். உருளைச் சூட்டை விட்டுத் தள்ளி உட்கார ஒரு நாற்காலி கிடைக்கும். அந்த நாற்காலி அவள் கனவிலேயே வந்துகொண்டிருந்தது.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகு நிலையத்துக்குப் போய், காது தெரிய முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள். காரணம் கேட்டால் சொல்ல ஒன்றும் கிடையாது. சின்ன வயதிலிருந்தே ஆசை. முதலில் அம்மா விடவில்லை, அப்புறம் மாமியார் விடவில்லை, இப்போது தடுக்க ஆள் இல்லை. கணவன் பார்த்தான். சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். அவனும் அதே ஆலையில்தான் வேன் ஓட்டுகிறான்.

மறுநாள் கேலி செய்வார்கள் என்று, திருப்பிக் கொடுக்க நாலு வார்த்தையைத் தயாராக வைத்துக்கொண்டு போனாள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. மூட்டையைத் தூக்கக் குனிந்தால், உருளையில் விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கும் ஜோடிக்காரி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். மதியம் அவள் இடத்தில் யாரோ இரண்டு ஆப்பிளை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"என்னடி, ஆஸ்பத்திரியில என்னைப் பாக்க வந்த மாதிரி நடந்துக்குறீங்க?"

ஜோடிக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. "மறைக்காதக்கா. இப்பல்லாம் கேன்சர் குணமாகுது. எங்க பெரியம்மாவுக்கு முடி திரும்ப வளந்துச்சு."

"அடிப்பாவி, எனக்கு ஒண்ணுமே இல்லடி. ஆசைக்கு வெட்டிக்கிட்டேன்."

"சரிக்கா, சரி," என்று அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஆசைக்கென்று எவளாவது இவ்வளவு முடியை வெட்டுவாளா? இதை நம்ப அவர்களுக்கென்ன பைத்தியமா?

சிரித்துவிட்டு விட்டிருப்பாள். ஆனால் அந்த வாரக் கடைசியில் மாலை ஷிஃப்ட் சூப்பர்வைசராக வேறொருத்தியைப் போடப்போகிறார்கள் என்று தெரிந்தது. நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"உடம்பைப் பாத்துக்கோம்மா. பொறுப்பெல்லாம் அப்புறம் ஆகட்டும்," என்றார் அவர், அப்படியொரு கனிவோடு. "உன் வீட்டுக்காரர் எல்லாம் சொல்லிட்டார். பாவம், இங்க நின்னு அழுதுட்டார்."

வேன் நிறுத்தும் இடத்தில் அவன் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"மேனேஜர்கிட்ட என்ன சொன்னீங்க?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "மெதுவா பேசு. பொண்டாட்டி தலை என்னாச்சுன்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. ஆசைக்கு வெட்டிக்கிட்டான்னு சொன்னா என்னை மதிப்பாங்களா? வாயில வந்ததைச் சொன்னேன். முடி வளந்ததும் குணமாயிடுச்சுன்னு சொல்லிட்டாப் போச்சு."

"அழுதீங்களாமே. அதுவும் நடிப்பா?"

"இல்ல. அது நிஜமாவே வந்துடுச்சு."

"நான் செத்துப்போற மாதிரி நினைச்சுப் பாத்தீங்களா?"

அவன் அவள் தலையைப் பார்த்தான். கண்ணைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது எப்படி வலித்திருக்கும்!

திரும்ப மேனேஜர் அறைக்குப் போனாள்.

"எனக்கு ஒரு வியாதியும் இல்ல சார். டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாலும் வரேன். அவரு அழுதது என் முடிக்கு."

"அப்ப எதுக்கும்மா வெட்டின?"

"ஆசையா இருந்துச்சு."

அதுவரை மேனேஜர் முகத்தில் இருந்த கனிவு போன இடம் தெரியவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "என்னம்மா இது, இந்த வயசுல. சரி போ, நான் யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிங்க சார்," என்று சொல்லிவிட்டு, அவள் அவர் மேஜைக்கு முன்னால் அப்படியே நின்றாள்.