வலப்பக்கப் பை

இந்தக் காலத்தில் எவனும் இருப்பதை இருக்கிறபடி காட்டுவதில்லை என்பது கோவிந்தராஜனின் தீர்மானம். மகள் வேதாவைப் பெண் பார்க்கத் தாயோடு வந்திருந்த சக்ரபாணியை மேலும் கீழும் அளந்தார். மௌலா அலி ஃபாக்டரியில் நிரந்தர வேலையாம். ஆனால் கோட்டின் மேல்பை இடப்பக்கம் இல்லை, வலப்பக்கம் இருந்தது.

"திருப்பித் தெச்ச கோட்டா, தம்பி?"

"ஆமாங்க. சந்தையில பழசா வாங்கினது. வெளிப்பக்கம் வெளுத்துப் போயிருந்துச்சு. அம்மாதான் பிரிச்சு, உள்பக்கம் வெளியில வர்ற மாதிரி தெச்சாங்க. பை இடம் மாறிடுச்சு."

"கம்பளி நல்ல கெட்டி," என்றாள் அந்தத் தாய். "இன்னும் பத்து வருஷம் உழைக்கும்."

"யோசிச்சுச் சொல்லி அனுப்பறேன்," என்றார் கோவிந்தராஜன். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

வேதா தட்டுகளை எடுத்தாள். முப்பத்திரண்டு வயது அவளுக்கு. அப்பா தட்டிக்கழித்த நாலாவது வரன் இது.

"கேட்டதுக்கு ஒளிக்காமதானேப்பா சொன்னாரு? எனக்குப் பிடிச்சிருக்கு."

"கேட்டேன், சொன்னான். கேக்கலேன்னா?"

"அடுத்தவன் புதுக் கோட்டுல வருவான். அது இரவல்னு சொல்லுவீங்க."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோவிந்தராஜன் அவளைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மெட்டுகுடா சந்தில் இறங்கினார்.

"நக்கோ, வேணாம்," என்று தனக்குத்தானே தலையை ஆட்டியபடி நடந்தார். கோட்டையே திருப்பிப் போடுகிறவன் வேறு எதைத்தான் திருப்பமாட்டான்?