அட்டைக்கும் அண்ணாவுக்கும் நடுவில்

என் கணவர் இந்திரகுமார் சிட்னிக்கு வந்து குளிருக்கு ஒரு கோட்டு வாங்குவதற்கு முன்னமே லேபர் கட்சியில் சேர்ந்துவிட்டார். என் அண்ணா விக்னராஜா அதே சிட்னியில், நார்த்மீட்டில் டொக்டர். லேபருக்கு எதிரான லிபரல் கட்சி தோற்றால் ஒரு நேரம் சாப்பிடாமல் இருக்கும் ஆள். இந்த இரண்டு பேருக்கும் நடுவில், எட்டு மாத வயிற்றோடு, நான் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன்.

அது எழுபத்தைந்தாம் ஆண்டு. லேபர் அரசாங்கம் மெடிபாங்க் என்று ஒரு காப்புறுதித் திட்டம் கொண்டுவந்திருந்தது. அட்டையைக் காட்டினால் வைத்தியச் செலவை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். ஆஸ்பத்திரிப் பொது வாட்டில் பிள்ளை பெற்றாலும் ஒரு சதம் கட்டத் தேவையில்லை. அட்டை தபாலில் வந்த அன்று இந்திரன் அதைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துப் பூவும் வைத்தார். நான் சிரித்துவிட்டேன். அவர் என்னை முறைத்துவிட்டுப் பூவைத் திருத்தி வைத்தார்.

அண்ணாவின் வழி வேறு. சனிக்கிழமைகளில் அவர் வீட்டு முன்னறை நிறைய வருத்தம் காட்ட வந்த தமிழர்கள். ஒருவரிடமும் பணம் வாங்கமாட்டார். வடை கொண்டுவந்தால் வாங்குவார். வடை சரியில்லை என்றால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லுவார்.

அந்த ஞாயிறு மத்தியானம் சண்டை என் பிரசவத்தில் வந்து நின்றது.

"ரஞ்சினியை நான் வேலை செய்யிற பிரைவேட் ஆஸ்பத்திரியில சேர்ப்பம்," என்றார் அண்ணா. "நானே பாக்கிறன். நீங்கள் ஒண்டும் தரத் தேவையில்லை."

"இல்லை மச்சான். பொது வாட்டிலதான்," என்றார் இந்திரன்.

"உமக்கென்ன விசரே? என்ர தங்கச்சிய வைச்சு எலெக்சன் நடத்தப் போறீரோ?"

"கட்சிக் கூட்டத்தில பொது வாட்டு நல்லது எண்டு தொண்டை கிழியக் கத்திப்போட்டு, என்ர மனிசிய மட்டும் பிரைவேட்டுக்குக் கொண்டுபோனா, நான் எந்த மூஞ்சியோட அங்க திரும்பிப் போறது?"

"ஏழை எளியதுகளை நான் சும்மா பாக்கிறன்தானே! அதுக்குள்ள கவுண்மெந்து என்னத்துக்கு?"

"டொக்டர் மச்சான் இல்லாதவன் என்ன செய்யிறது?"

அண்ணா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினார். "அப்ப வாட்டிலயே போடும். நான் அந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டன்."

என்னை ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு வாட்டும் ஒன்றுதான், பிரைவேட்டும் ஒன்றுதான். போன வருடம் ஆறாம் மாதத்தில் என் முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இந்திரன் அப்போது வேலை விஷயமாக மெல்பேர்னில். என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தது அண்ணா. இந்த முறையும் எனக்கு அந்தக் கை வேண்டும். பயத்தில் வேறு எதுவும் யோசிக்க வரவில்லை. இந்திரனிடம் ஒரு நாள் அழுதுகொண்டே சொன்னேன்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் வலி வந்தது. இந்திரன் என்னைப் பொது வாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, ஓடிப்போய் அண்ணாவுக்குப் போன் எடுத்தார். நான் எதிர்பார்க்கவில்லை, அண்ணா வந்தே விட்டார். சுத்தமாக டை கட்டி, கழுத்தில் நெஞ்சு பார்க்கும் குழாயும் மாட்டிக்கொண்டு, பிரசவ அறை வாசலில் நின்றார்.

வாசலில், சற்றுமுன் முறை மாறி வேலைக்கு வந்த ஒரு பருத்த தாதி வழிமறித்தாள். அவளுடைய இங்கிலீசு எனக்கு உள்ளே தெளிவாகக் கேட்டது. வெளி டொக்டர்மாருக்கு இங்கே அனுமதி இல்லை. பிள்ளையின் தகப்பன் மட்டும் வரலாம். புருஷன்மாரை உள்ளே விடுவதே அப்போதுதான் தொடங்கிய புதுப் பழக்கம். அதற்கான அங்கியில் இந்திரன் ஏற்கெனவே ஒரு கையை நுழைத்திருந்தார். போன முறை பக்கத்தில் இல்லாமல் போனதை நினைத்து நினைத்து, இந்த நாளுக்காகவே காத்திருந்த மனிதர்.

திறந்திருந்த கதவால் நான் அண்ணாவைப் பார்த்தேன். பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தேன், கண் கேட்கவில்லை. அதை இந்திரன் கண்டுவிட்டார்.

அங்கியைக் கழற்றி அண்ணாவின் கையில் கொடுத்தார். "இவர்தான் தகப்பன்," என்றார் தாதியிடம். "நான் அவளுடைய அண்ணன்."

அந்த மனிதரில் அதற்கு முன் எனக்கு அவ்வளவு அன்பு வந்ததில்லை.

அண்ணாவின் முகம் சிவந்துபோனது. ஆனாலும் அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். தாதி அவரை என் பக்கத்தில் இருத்தி, கையைப் பிடி, கதைக்காதே என்றாள். வாட்டு டொக்டர் ஏதோ செய்தபோது அண்ணா யோசனை சொல்லப் பார்த்தார். தகப்பன்மார் வைத்தியம் சொல்லக்கூடாது என்று அதட்டினாள். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கை மட்டும் விடவில்லை.

பெண் பிள்ளை. துடைத்துச் சுற்றித் தகப்பனிடம் கொடுத்தாள் தாதி. அண்ணா ஒரு தரம் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். பிறகு நேரே வெளியே நடந்தார். திறந்த கதவுக்கு நேரே, மர வாங்கின் நுனியில் இந்திரன் உட்கார்ந்திருந்தார்.

"இந்தாரும் மச்சான், உம்மட கவுண்மெந்துப் பிள்ளை."

எதற்கும் பதில் வைத்திருக்கும் என் கணவர் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிள்ளைதான் அவருக்கும் சேர்த்துக் கத்தியது.