வாசலுக்கு வெளியே ஒரு கேன் கடல்

டக். டக். டக்.

"புள்ள வந்துகீறான், கதவ தொறய்யா" என்றாள் என் மனைவி நாகவல்லி. நான் அசையவில்லை. அவளே போய்த் திறந்தாள். சாயங்கால வெயிலும் எதிர்வீட்டு ஸ்கூட்டரும்தான் நின்றிருந்தன.

எங்கள் மகன் கார்த்திகேசனைக் கடல் இழுத்துப்போய் இரண்டு வருடம் ஆகிறது. உடம்பு கிடைக்கவில்லை. அதனால் அவன் வருவான் என்று சொல்லி, காரியம் செய்யவிடாமல் வைத்திருக்கிறாள். காலிங் பெல் இருந்தும் விரல் முட்டியால் மூன்று முறை தட்டுகிற பயல் அவன்.

சத்தம் அவன் அறையிலிருந்து வந்தது. போய்ப் பார்த்தேன். அவன் வளர்த்த சங்கு நண்டுகள்! கண்ணாடித் தொட்டியில் பெரியது சின்னதின் சங்கைப் பிடித்துக்கொண்டு தன் சங்கால் இடித்துக்கொண்டிருந்தது. பிறகு இரண்டும் பாதி வெளியே வந்து வயிற்றோடு வயிறு ஒட்டின. பாடப் புத்தகத்தில் இதற்குத் துறவி நண்டு என்று பெயர். வைத்தவனைப் பிடித்து உதைக்க வேண்டும்.

"நண்டுதான் தட்டுது" என்றேன். அவள் நம்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து தொட்டி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பத்து நாள் கழித்துச் சின்னது எட்டிப் பார்த்தபோது வயிற்றோரம் செங்கல் நிறத்தில் முட்டைக் கொத்து தெரிந்தது. மகனின் நோட்டைப் புரட்டினேன். 'முட்டை சாம்பல் நிறமானால் கடல் தண்ணி வைக்கணும். உப்பு கரைச்ச தண்ணி ஆகாது' என்று கோணல் எழுத்தில் இருந்தது. ஆவடியில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவனுக்கு அளவு தெரியாதா? லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் பாக்கெட் உப்பை நிறுத்துக் கரைத்து வைத்தேன். நண்டு ஒரு காலை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. போன பிறகும் என்னைத் திருத்துகிறானே என்று எரிச்சல் வந்தது, அப்புறம் அழுகை வந்தது.

"கடல்ல போய் எடுத்தாரேன்" என்றேன்.

"அந்தத் தண்ணி இந்த ஊட்டு வாசப்படி தாண்டக் கூடாது." இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் மீன்கூடக் கிடையாது.

முட்டை சாம்பலான அன்று அவளிடம் சொல்லாமல் கடலுக்குக் கிளம்பினேன். திரும்பும்போது பஸ்ஸில், "கேன்ல இன்னா நைனா?" என்றார் கண்டக்டர். "கடல்" என்றேன். கோவில்பதாகையில் வீட்டுக்கு வந்து கேனை வாசலுக்கு வெளியே வைத்தேன். நாகவல்லி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுல அவன் கீறானாய்யா?"

அவளே கேனைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தாள்.

தொட்டிக்குள் வைத்த சின்னப் பேசினில் ஊற்றினோம். நண்டு இறங்கி உடம்பை உதறியது. தண்ணீர் பட்டதும் முட்டைகள் வெடித்து, ரவையைவிடச் சின்னப் புள்ளிகள் நீந்தின. "பொறந்துச்சு" என்றாள் மெல்ல. நான்கு நாள் அவள் வேறு வேலை பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் எல்லாம் செத்து அடியில் படிந்திருந்தன.

கொட்டப் போன என் கையைப் பிடித்தாள். "சாக்கடையில ஊத்தாத. எடுத்த எடத்துலயே உடணும்." தண்ணீரைத் திரும்பக் கேனில் ஊற்றி மூடிவிட்டு, "அவனுக்கும் செஞ்சுடலாம்யா" என்றாள்.

காரியம் கடற்கரையில் முடிந்தது. பிண்டம் கரைத்த இடத்திலேயே கேன் தண்ணீரையும் அவள் ஊற்றினாள்.

வீட்டுக்கு வந்து காபி போட்டாள்.

டக். டக். டக்.

அவள் எழுந்திருக்கவில்லை. "நண்டுதான்யா, காபிய குடி" என்றாள்.

எனக்கும் தெரியும். இருந்தும் டம்ளரை வைத்துவிட்டு நான் போய்க் கதவைத் திறந்தேன்.