அவள் சொன்ன கொழுப்பு

பதினாறு வருசமாக ராஜபாளையம் மில்லில், நூல் அறுந்த இடமெல்லாம் ஓடி ஓடி ஒட்டியவள் வேலுத்தாய். தொண்ணூறாம் வருசம் ஒருநாள், கூட வேலை பார்த்த ஞானபாக்கியத்தை, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தபோதும், அடுத்த ஷிப்டுக்கும் நிற்கச் சொன்னார்கள். வேலுத்தாய்க்குப் பொறுக்கவில்லை. சூப்பர்வைசரிடம் போய், "இவ என்ன மனுசியா, மெசினா?" என்று சத்தம் போட்டுவிட்டாள்.

விசாரணைக்குக் கூப்பிட்டபோது ஞானபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் ஒண்ணும் பேசச் சொல்லல சார். அவளுக்குத்தான் கொழுப்பு."

தினமும் ஒரே தூக்குவாளியில் சோறு தின்றவள் சொன்ன சொல் அது. அதோடு வேலுத்தாய்க்கு வேலை போயிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், தம்பி வீட்டில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். தூக்கம் போயிற்று. பசியே இல்லாமல் எதையாவது மென்றுகொண்டிருந்தாள். வேலை போன எட்டாம் மாதம் நெஞ்சை அடைத்தது.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "உங்களுக்குக் கொழுப்பு ரொம்பக் கூடியிருக்கும்மா" என்றார்.

வேலுத்தாய் விருட்டென்று எழுந்தாள். "அந்தச் சிறுக்கி இங்கயும் வந்து சொல்லிட்டாளா?"

டாக்டர் திகைத்துப்போனார். "ரத்தத்துல உள்ள கொழுப்பச் சொல்றேன்மா. ஓடியாடி வேலை செஞ்சவங்க திடீர்னு உக்காந்துட்டா, மனசு விட்டுப்போனா, இப்படிக் கூடலாம். நெஞ்சையும் பாதிக்கும். முன்னாடியே இருந்துச்சா?"

வேலுத்தாய் மெல்ல உட்கார்ந்தாள்.

"அவ சொன்னப்ப இல்ல சார். சொன்ன பொறவுதான் வந்திருக்கு."