ஜனவரியா, ஜூனா

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து தொடங்கியது. போன மாதம் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், உள்ளே ஊசியோடு நின்ற பெண்ணைக் காட்டி, "கை இவ்வளவு பக்குவமா இருக்கே, இவங்க ஏன் டாக்டருக்குப் படிக்கல?" என்று கேட்டார். "அவங்க அப்பாவுக்கு உடம்பு முடியாமப் போச்சுங்க" என்றேன். அந்தப் பெண் என் அக்கா. நான் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

(முதல் வரி வேறாக இருந்தது: "விதி அவளைச் சோதனைக்கூடத்திலேயே..." யாராவது விதியை இழுத்தால் தான் நழுவப் பார்க்கிறார் என்று அர்த்தம். அடித்துவிட்டேன்.)

2

அக்காவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வேலைக்குப் போய்க்கொண்டே படித்து, மூன்றாவது முயற்சியில் மருத்துவ நுழைவுத் தேர்வில் தேறியிருந்தாள். உள்ளூர்க் கல்லூரிக்கு அந்த மதிப்பெண் எட்டாது, வெளிநாட்டுக்குப் போதும். ஆனால் அது அந்த ஒரு வருடத்துக்குத்தான் செல்லும்.

எங்கே, எப்போது என்பதை ஒரு தாளில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தாள். இடப்பக்கம் ஒரு குளிர் தேசம்: ஜனவரி முப்பத்தொன்று கடைசி நாள், பிப்ரவரி முடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும், முதல் வருடம் அவர்கள் மொழி, பிறகு ஆறு வருடம் மருத்துவம். வலப்பக்கம் ஒரு தீவு: ஜூனில் விண்ணப்பம், ஆங்கிலத்தில் பாடம், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இருபதே இடம். அந்த இருபதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு வட்டம் போட்டுத் தாளே கிழிந்திருந்தது.

அப்பா கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். அக்டோபரில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிற்று. அம்மாவுக்குப் பள்ளி அலுவலகத்தில் வேலை. அப்பாவைக் குளிப்பாட்டுவது, நடக்கவைப்பது, வாய்ப்பயிற்சி கொடுப்பது எல்லாம் அக்காதான்.

3

"போகாதம்மா என்று அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு..."

இல்லை. அப்பா அப்படிச் சொல்லவே இல்லை. முதல் பிரதியில் ஒரு பக்கம் முழுக்க அவரை அழவைத்திருந்தேன். நடந்தது வேறு. அவர் இடது கையால் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து, குளிர் தேசத்தின் மேல் விரலை வைத்து, "போ" என்றார். வாய் கோணியிருந்ததால் அது "ஓ" என்று கேட்டது. அக்காவுக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது.

இரண்டாம் பிரதியில் பழியைத் தூக்கி, வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டுத் தரும் எங்கள் தெரு ஏஜெண்டின் தலையில் போட்டேன்.*

(* அவரும் பாவம், நல்ல மனுஷன். தேதி நெருங்குதும்மா என்று இரண்டு தடவை போன் செய்தார். ஒரு தடவை எடுத்தது நான். அக்காவிடம் சொல்லவில்லை. இதை அடிக்குறிப்பில் ஒளிக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.)

4

ஜனவரி கடைசி வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். அக்கா தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"நீ சொல்லுடி. இப்பவே போடட்டுமா, ஜூன் வரைக்கும் பாக்கட்டுமா?"

நான் பள்ளிக் கடைசி வருடம். ஏப்ரலில் பரீட்சை. பிப்ரவரியில் இவள் கிளம்பிவிட்டால் அப்பாவைக் காலையிலும் மாலையிலும் பார்ப்பது என் தலையில் விழும். கணக்குப் போட எனக்கு ஒரு சட்டை மடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"ஜூன்லயே போட்டுக்கலாம்க்கா. புது மொழி படிக்கற தலைவலியும் இல்ல."

நல்ல யோசனை மாதிரியே இருந்தது. கயமை அதில்தான் இருந்தது. "அதுவும் சரிதான்" என்று அக்கா அடுத்த துணியை எடுத்தாள்.

அந்த வருடம் வெளிநாட்டவரைச் சேர்ப்பதில்லை என்று ஜூனில் தீவிலிருந்து மூன்று வரியில் கடிதம் வந்தது. ஜூலையில் நான் வெளியூர்க் கல்லூரிக்கு விடுதியோடு போய்விட்டேன். அப்பாவை அக்கா பார்த்துக்கொண்டாள், ஒன்பது வருடம், அவர் கண்ணை மூடும்வரை. நடுவில் ஒரு தடவை தேர்வு எழுதிப் பார்த்தாள். நாலு மதிப்பெண்ணில் தவறியது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

5

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் அவள் குளிர் தேசத்துக்குப் போகிறாள், பனியில் வழுக்கி விழுகிறாள், டாக்டராகத் திரும்பி வருகிறாள். இன்னொன்று நடந்தது நடந்தபடி. முழுக் கதையோடு இரண்டையும் அக்காவிடமே கொடுத்தேன். மதியம், ரத்த மாதிரிக் குழாய்களையெல்லாம் அனுப்பிவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நிதானமாகப் படித்தாள்.

"பனி வர்றத எடுத்துடு. படிச்சா யாரோ ஒருத்தி செத்துப்போன மாதிரி இருக்கு."

சரி என்றேன். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அவள் நாலாம் பகுதியை விரலால் தட்டினாள்.

"தேதிய தப்பா எழுதியிருக்க. நான் உன்கிட்ட கேட்டது பிப்ரவரி முதல் ஞாயித்துக்கிழமை. கடைசி நாள் அப்பவே தாண்டிடுச்சு."

"அப்புறம் ஏன்க்கா கேட்ட?"

"யாராவது சரின்னு சொன்னா நல்லா இருக்கும்னு தோணுச்சு." அடுத்த ஆளைக் கூப்பிட எழுந்துவிட்டாள்.

6

அவள் சொன்னது நிஜமாக இருக்கலாம். அப்பாவை விட்டுப் போக மனசில்லாமல் அவளே தேதியை நழுவவிட்டிருக்கலாம். ஊசி குத்துவதற்கு முன்னால் வருகிறவர்கள் எல்லாரிடமும் "ஒண்ணும் வலிக்காது" என்று சொல்கிறவள் அவள் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

ஏஜெண்ட் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார். கேட்டால், அக்கா தன்னிடம் என்றைக்கு என்ன சொன்னாள் என்று பழைய பதிவைப் புரட்டிச் சொல்லிவிடுவார். நான் கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தால் தாங்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு எந்தத் தேதி நியாயமாகப் படுகிறதோ அதை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள். அக்கா திருத்தச் சொன்ன வரியை நான் இன்னும் திருத்தவில்லை.