புரட்டிப் போட்ட கோட்டு

என் கணவன் ஹெட்லி காணாமல் போன அன்று காலை, மீட்புக் குழுவிலிருந்து வந்த பெண்ணிடம் நான் சொன்ன அடையாளம் இதுதான்: உயரமானவன், எழுபது தாண்டியவன், தலையில் தொப்பி இல்லை, கரும்பச்சைக் கோட்டு. பச்சைக் கோட்டு என்பதை மட்டும் அவள் வாக்கிடாக்கியில் இரண்டு முறை சொன்னாள். மூர் என்று நாங்கள் சொல்லும் இந்த மேட்டு வெளி முழுவதும் பெரணி காய்ந்து செம்பழுப்பாகக் கிடக்கும் அக்டோபர் மாதம். மூடுபனி விலகிவிட்டால் பச்சை எங்கிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அவன் செத்துக் கிடப்பானோ என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் அதைவிடக் கூச்சமான இன்னொரு பயம் அதற்கு முன்னால் வந்து நின்றது. மீட்புக் குழுவின் இளைஞர்கள் அவனை எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டால், பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி கேள்வி கேட்பார்கள். உங்கள் பெயர் என்ன, இன்று என்ன கிழமை, வீடு எங்கே. அவனுக்குப் பதில் வராது. அந்த நிமிடத்தில், முன்பின் தெரியாதவர்கள் நடுவில், தனக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்துவிடும்.

தெரியாமல் இருந்தான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வசந்தத்தில் மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னபோது அவன் தலையாட்டினான். திரும்பும் வழியெல்லாம் வைக்கோலைப் பற்றிப் பேசினான். அவன் காதில் அது ஏறவில்லை என்று அன்றே முடிவு செய்துகொண்டேன். அந்த மறதி நோய் அவனுக்குச் செய்திருக்கும் ஒரே தயவு அது, அதைக் காப்பாற்றிக் கொடுப்பது என் வேலை. மகள் ரோவினா அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"நீ சொல்றியா, ஞாயித்துக்கிழமை வந்து நான் சொல்லட்டுமாம்மா?" என்று போனில் கேட்டிருந்தாள்.

"தெரியாம நிம்மதியா இருக்கிற மனுஷனை உட்காரவெச்சு, உனக்குப் புத்தி போகுதுன்னு சொல்லணுமா? அப்படி என்னடி அவசரம்?"

"அவரு வாழ்க்கைம்மா. நீ எடுத்துப் பீரோவுல வெச்சிருக்கே."

அந்தக் கோபம் ஆறுவதற்குள் அவன் காணாமல் போயிருந்தான்.

நண்பகலுக்கு முன் பனி கொஞ்சம் விலகியது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரன் டென்சில், நாலு சக்கர மோட்டார் பைக்கில் மேலெல்லாம் சுற்றிவிட்டு, நாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வந்து நின்றான். அவனும் ஹெட்லியும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

"காக்கைப் பாறை வரைக்கும் பாத்துட்டேன், ஏவிஸ். இன்னும் மேல போகணும். அவன் ஆடு மேயுற எடம் அதான. கால் அங்கதான் இழுத்துட்டுப் போயிருக்கும்."

"கீழ டன்னபியர் பக்கம் பாத்தியா?"

"அந்தக் காட்டுக்கு எவன் போவான்? வேலவெட்டி இல்லாதவன் போவான், கேமராவைத் தூக்கிட்டு. ஓரமா ஒரு கிழட்டு ஆடு குந்தியிருந்துச்சு. அவ்ளோதான்."

"என்ன ஆடு?"

"கம்பளி வெட்டாத ஆடு. மஞ்சளா, அழுக்கா. ஜூன்ல வெட்டாம விட்டிருக்கான் பாரு, சோம்பேறிப் பய. அந்தச் சரிவு பெல்லமியோடது. அவன் ஆட்டை நான் எதுக்கு எழுப்பணும்?"

மூரில் மந்தைகளைப் பிரிக்க வேலி கிடையாது. எந்த மந்தைக்கு எந்தச் சரிவு என்று ஆடுகள் தாயிடம் கற்றுக்கொள்கின்றன. இன்னொருவன் ஆட்டை அதன் இடத்திலிருந்து கிளப்பிவிடும் அநாகரிகத்தை எங்களில் யாரும் செய்வதில்லை. டென்சில் தள்ளியே நின்றதில் தப்பில்லை.

"நாய் குலைச்சுதா?" என்று கேட்டேன்.

"எங்க குலைச்சுது? வாலை ஆட்டிட்டு நின்னுச்சு. கிறுக்கு நாய். ஆட்டைப் பாத்து வாலாட்டுற நாயை வெச்சுக்கிட்டு நான்..."

அவன் பேச்சு அங்கேயே நின்றது. ஹெட்லியின் கோட்டு உள்பக்கம் முழுவதும் ஆட்டுத்தோல், கம்பளியோடு தைத்தது. அது அவனுக்கும் தெரியும்.

"கோட்டைப் புரட்டிப் போட்டிருக்கான்," என்றேன்.

டென்சில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பழகிய பாதை திடீரென்று காலுக்குச் சிக்காமல் போனால், பிக்ஸிகள் என்ற குறும்புக் குட்டித் தேவதைகள் வழி மாற்றுகின்றன என்போம் நாங்கள். கோட்டைக் கழற்றி உள்வெளியாகப் புரட்டிப் போட்டுக்கொண்டால் அந்தச் சின்ன ஜனங்களின் கட்டு அறுந்து வழி தெரியும். யாரும் நம்புவதில்லை. மூடுபனியில் ஒரு முறையாவது செய்யாதவர்களும் இல்லை. ஆனால் வழி தவறிவிட்டோம் என்று தெரிந்த பிறகுதான் யாரும் அதைச் செய்வார்கள்.

"அப்போ அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, புள்ள," என்றான் டென்சில் மெதுவாக.

அவன் சொன்னது மூடுபனியில் வழி தவறியதை. என் காதில் விழுந்தது வேறு.

"என்னைக் கொண்டுபோய் அங்க விடு. அப்புறம் அந்த மீட்புக் குழுப் பொண்ணுகிட்டச் சொல்லிடு. நான் வெளிய வர்றவரைக்கும் ஒருத்தரையும் உள்ள விடாத."

டன்னபியரில் பாதை என்று ஒன்று இல்லை. பாறைகளுக்கிடையில் முளைத்த ஓக் மரங்கள், காற்றுக்குப் பயந்தே வளர்ந்தவை, என் தலைக்கு மேல் ஒரு கை உயரம்கூட இல்லை. கிளைகள் தரையை நோக்கித் திரும்பியிருக்கும். எல்லாவற்றின் மேலும் பாசி, மணிக்கட்டு வரை கை புதையும் அளவுக்கு. கோடைக்கால விருந்தாளிகள் இங்கே வந்தால் தேவாலயத்தில் பேசுவது போலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எங்களுக்கு இது ஆடு கால் ஒடித்துக்கொள்ளும் இடம், அவ்வளவுதான். ஆடு குந்தியிருந்ததாக டென்சில் சொன்ன ஓரம் காலியாக இருந்தது. உள்ளே போயிருக்கிறான். நான் நான்கு காலில் தவழ்ந்தேன். வெளியே மூரின் காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. நாலு மரம் தாண்டியதும் அது நின்றுவிட்டது, எனக்குப் பின்னால் யாரோ கதவைச் சாத்தினாற்போல. என் மூச்சு எனக்கே அநியாயச் சத்தமாகக் கேட்டது.

அவனைக் கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டால் எந்தக் குரலில் கூப்பிடுவது? இத்தனை மாதங்களாக நான் வீட்டில் வைத்திருந்த ஒரு குரல் உண்டு, ஒன்றுமே நடக்காததுபோல, கொஞ்சம் உற்சாகம் தூக்கலாக. அந்தக் குரலை இந்த மரங்களுக்கு நடுவில் எடுக்க வெட்கமாக இருந்தது.

அவன் ஒரு பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். மஞ்சள் கம்பளி மேலெல்லாம் பனித்துளி. என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஆச்சரியம் எதுவும் தெரியவில்லை.

"புரட்டிப் போட்டும் வழி வரல, ஏவிஸ்," என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கை சில்லிட்டிருந்தது. என் கழுத்துத் துணியை அவிழ்த்து அதில் சுற்றினேன்.

"பனி ரொம்ப இருந்துச்சு. யாருக்கும்தான் வழி தப்பும்," என்றேன். அதே குரல். என்னையும் மீறி வந்துவிட்டது.

"பனியைச் சொல்லல."

அவன் கையில் சுற்றிய துணியை இன்னும் இறுக்கினேன்.

"போன குளிர்காலத்திலேருந்து போட்டுப் பாக்குறேன். கொட்டிலுக்குள்ள நின்னு, நீ பாக்காதப்போ. அசிங்கமாத்தான் இருந்துச்சு, சின்னப் புள்ள மாதிரி. புரட்டிப் போட்டுக்கிட்டு நின்னா எல்லாம் பழையபடி எடத்துக்கு வந்துடும்னு. ஒண்ணும் வரல. கழட்டி மாட்டிட்டு வந்துடுவேன்."

அந்தக் கோட்டு ஆணியில் உள்வெளியாகத் தொங்கியதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும், பாவம், கையை எதில் விடுவது என்றுகூட இவனுக்கு இப்போது தெரியவில்லை என்று நினைத்து, அவன் காணும் முன் சத்தமில்லாமல் நேராக்கி மாட்டியிருக்கிறேன். அவன் உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறான். நான் அதைத் துடைத்துவைத்திருக்கிறேன்.

"டாக்டர் சொன்னது உனக்குப் புரிஞ்சுதா அன்னிக்கு?"

"செவிடா நான்?"

"பின்ன ஏன் வைக்கோல், வைக்கோல்னு..."

"நீ காரை ஓட்டிட்டிருந்தே. மூஞ்சி சுண்ணாம்பாட்டம் இருந்துச்சு. எதையாவது பேசலேன்னா நீ பள்ளத்துல விட்டுடுவியோன்னு தோணுச்சு." சற்று நேரம் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "அப்புறம் நீ ஒண்ணுமே கேக்கல. தெரியாத மாதிரி இருந்தா உனக்குச் சுலபம்போலன்னு விட்டுட்டேன்."

சிரிப்பு வந்தது எனக்கு; வந்த வழியிலேயே அது வேறாகிப்போனது. ஒருவரையொருவர் காப்பாற்றுகிறோம் என்று ஒரே வீட்டில், ஒரே மேசையில், இரண்டு பேரும் தனித்தனியாகத் தொலைந்திருந்தோம். என் பாதுகாப்பில் அவன் தன் பயத்தோடு பேச ஆளில்லாமல் கொட்டிலுக்குப் போயிருக்கிறான். நான் கருணை என்று நினைத்ததன் அடியில், கேட்டால் தாங்க மாட்டேன் என்ற என் கோழைத்தனமும் இருந்தது. முழுவதும் அதுதான் என்று சொல்ல மாட்டேன். இருந்தது.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன். மருத்துவர் சொன்ன ஏப்ரலிலேயே கேட்டிருக்க வேண்டியது.

"இருக்கு. எப்பவும் இல்ல. சாயங்காலம் ஆனா இருக்கு." பிறகு, "உனக்கு?"

"எனக்குக் காலையில."

"நல்லதாப் போச்சு. ஆளுக்கொரு நேரம்," என்றான். என் தோளில் அவன் தலை சாய்ந்தது. ஈரக் கம்பளியின் வாடை. மரங்களுக்குள் எதுவும் அசையவில்லை. ரோவினாவிடம் இருவருமாகச் சேர்ந்தே பேசுவது என்று அங்கேயே முடிவு செய்தோம். அவள் முதலில் அழுவாள், அப்புறம் திட்டுவாள் என்றான் அவன். அவளை அவன் மறக்கவில்லை, அன்றைக்கு.

காட்டின் ஓரத்தில் டென்சில் தனியாகக் காவல் நின்றான். எங்களைக் கண்டதும் வாய் நிறைய ஏதோ சொல்ல வந்து, ஹெட்லியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். ஹெட்லி அவனையே உற்றுப் பார்த்தான். அந்தப் பெயர் என் நாக்கின் நுனியில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"உன்னை எனக்குத் தெரியும். பேருதான் வரல," என்றான் ஹெட்லி. "இனிமே அடிக்கடி வராது. சொல்லிடறேன்."

டென்சில் தொண்டையைச் செருமினான். "பேரு என்னத்துக்கு? என் பொண்டாட்டி கல்யாணமான நாளா என்னை 'யோவ்'னுதான் கூப்பிடறா. நான் உன்னை ஆடுன்னு நெனச்சவன். இதுல நீ வேற என்கிட்ட மன்னிப்புக் கேக்கிறியா?"

ஹெட்லி சிரித்தான். டென்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாயை எதற்கோ அதட்டினான்.

கீழே ஆம்புலன்சின் வெளிச்சம் தெரிந்தது, சாலை தெரியவில்லை. மறுபடி பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஹெட்லி இரண்டடி எடுத்துவைத்து நின்றான். இந்தச் சரிவுகளில் பிறந்தவன், மற்றவர்கள் ஆட்டையும் அவர்களையும் இருட்டில் வீடு சேர்த்தவன், என் பக்கம் திரும்பினான்.

"எந்தப் பக்கம், ஏவிஸ்?"

"இடது பக்கம். கல்வேலியை ஒட்டியே வா," என்றேன், என் சொந்தக் குரலில்.