பல்லில் கடித்த வயர்

பல்செட்டுக்காரர் தன் வீட்டு ஸ்டீரியோவில் மூன்றாவது ஆம்ப்ளிஃபையரை இணைத்த ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு, அவர் மனைவியின் குரல் அவள் வாயிலிருந்து வருவதை நிறுத்திக்கொண்டு, கூடத்திலிருந்த இரண்டு ஸ்பீக்கர்களின் வழியாக வரத் தொடங்கியது. அன்று இடி மின்னல் இல்லை, ஃப்யூஸ் போகவில்லை. எதிர் வீட்டில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தவர் உட்படத் தெருவில் பதினான்கு பேர் அந்த முதல் வாக்கியத்தைக் கேட்டார்கள். "ஏங்க, இருங்க, இன்னும் போடாதீங்க" என்பதுதான் அது. வழக்கம்போல அவர் அதற்குள் ஸ்விட்சைப் போட்டுவிட்டிருந்தார்.

பல்செட்டுக்காரர் பல் டாக்டர் அல்ல. டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர். அந்த வட்டாரத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் சிரிக்கும் சிரிப்பில் பாதி அவர் கைவேலை. நாள் முழுக்க அடுத்தவர் வாயோடு மல்லுக்கட்டிவிட்டு வருவதால் வீட்டில் யாராவது வாயைத் திறந்தாலே அலுப்பாக இருக்கிறது என்று அவரே சொல்லிக்கொள்வார். கல்யாணத்துக்கு அன்பளிப்பாக வந்த ஆம்ப்ளிஃபையர் ஒன்று அவரிடம் இருந்தது. ஏழாம் வருடம், பாட்டில் அடிச்சத்தம், அதாவது பேஸ், போதவில்லை என்று இரண்டாவதை வாங்கினார். ஸ்பீக்கரின் முதுகில் மேல் முனைகளையும் கீழ் முனைகளையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பித்தளைத் தகட்டைக் கழற்றிவிட்டு, சின்னக் கூம்புகளுக்குப் பழையது, பெரிய கூம்புகளுக்குப் புதியது என்று பிரித்துக் கொடுத்தார். அப்போதும் மனம் ஆறவில்லை. பத்தொன்பதாம் வருடம், இடது பேஸுக்கு ஒன்று, வலது பேஸுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தால்தான் ஆயிற்று என்று மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். அவள் மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் நானூறு பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஓடுவார்கள். வீட்டில் அவள் பேச ஆரம்பித்தால் இவர் ஒரு விரலைத் தூக்கி, "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வால்யூமைக் கூட்டுவார். அந்த ஒரு நிமிஷம் பத்தொன்பது வருடமாக முடியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. அவருக்குத் தொப்பை இடித்ததால் அவளை உள்ளே அனுப்பினார். அவள் இரண்டு கையாலும் புது ஆம்ப்ளிஃபையரைத் தாங்கிப் பிடித்திருந்தாள். ஒரு வயர் மிச்சம் இருந்தது. வேறொரு கணவனாக இருந்தால் அதை ஓரமாகப் போடு என்று சொல்லியிருப்பான். இவரோ மெழுகுக் கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டே முப்பது வருடம் வேலை பார்த்தவர். "பல்லுல கடிச்சுக்கோ" என்றார். அவளும் செம்பு முனையைக் கடித்துக்கொண்டு, கடித்த வாயோடு ஏதோ சொல்ல வந்தாள்.

அன்று மாலை வரை வீட்டில் யாருக்கும் கை கால் ஓடவில்லை. அவள் சமையலறையில் நின்று வாயசைத்தால் கூடத்து ஸ்பீக்கர் உப்பு எங்கே என்று கேட்டது. அவள் மாடியில் தும்மினால் கீழே கண்ணாடி டம்ளர்கள் அதிர்ந்தன. ஸ்டீரியோவை அணைத்தால் அவள் அடியோடு ஊமையானாள். பயந்துபோய்த் திரும்பப் போட்டார்கள். திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போய் மைக் முன் உட்கார்ந்து வாயசைத்தாள். நிலையத்தில் ஒரு சத்தமும் இல்லை. அதே நேரத்தில் பல்செட்டுக்காரர் வீட்டுக் கூடத்தில், எட்டு ஐம்பது வண்டி மூன்றாம் நடைமேடையிலிருந்து புறப்படுகிறது என்ற அறிவிப்பு கணீரென்று ஒலித்தது. நிலையத்தில் இருநூறு பேர் வண்டியைக் கோட்டைவிட்டார்கள். எங்கள் தெருக்காரர்கள் மட்டும் ஒருவர் விடாமல் பிடித்தார்கள். அந்த வாரம் முழுக்கப் பெட்டியும் பையுமாக அந்த வீட்டு வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நிலைய மேலாளர் நல்ல மனிதர்தான். இருந்தாலும் இரண்டு வாரத்துக்குள் குரல் திரும்பாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். தன் பேச்சுக்கு ஆட்கள் எழுந்து நடக்கும் ஒரே இடமும் போகப்போகிறது என்று அவள் அன்றைக்கு மதிய உணவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள்.

அவளுடைய தம்பி லிஃப்ட் மெக்கானிக். டெஸ்டரும் ஸ்க்ரூ டிரைவருமாக வந்து மூன்று ஆம்ப்ளிஃபையர்களையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தான். பழையதை நிறுத்தினால் அக்காவின் குரல் பானைக்குள் இருந்து வருவதுபோல் வந்தது. மற்ற இரண்டையும் நிறுத்தினால் வெறும் 'ஸ்ஸ்' மிஞ்சியது. மூன்றும் ஓடினால்தான் அது அவளுடைய குரலாக இருந்தது. பல்செட்டுக்காரருக்கு அதிர்ச்சி அங்கேதான். இத்தனை வருடமும் அவர் தேடிய பேஸ் அந்தக் குரலில் இருந்தது. அதன் அடியில் சாந்தமான, களைத்துப்போன ஒன்று ஓடியதை அவர் அதுவரை கேட்டதே இல்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவமானமாக இருந்தது என்று பிற்பாடு எங்களிடம் ஒளிக்காமல் சொன்னார்.

மூன்றாம் நாள் தம்பி வழி கண்டுபிடித்தான். எந்த வயரைக் கடித்தாளோ அதையே திரும்பக் கடிக்க வேண்டும், அந்த நேரத்தில் மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். ஆனால் நினைத்த இடத்தில் அணைக்கக் கூடாது.

"மாமா, லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கும்போது கதவத் திறக்க மாட்டோம். தளத்துக்குச் சமமா வந்து நின்னாத்தான் திறப்போம். அக்கா பேச்சும் அப்படித்தான். அவங்க சொல்ல வேண்டியது எல்லாத்தையும் சொல்லி முடிக்கணும். நடுவுல அணைச்சீங்கன்னா, மிச்சம் இருக்கிற பேச்சு பெட்டிக்குள்ளயே நின்னுடும்."

எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கேட்டார். அது நீங்கள் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்றான் தம்பி.

மறு ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவள் அலமாரிக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து வயரைக் கடித்துக்கொண்டாள். குரல் வாயில் இல்லாததால் கடித்தபடியே பேசுவதில் சிரமம் இல்லை. அவர் ஸ்விட்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். வால்யூமைக் கூட்ட முடியாது, விரலைத் தூக்க முடியாது. முதலில் பால் பாத்திரம், குழாய்க் கசிவு, அவர் துண்டை நாற்காலியில் போடுவது என்று சில்லறை விஷயங்கள் வந்தன. பிறகு பெரிய நிலையத்துக்குக் கிடைத்த மாற்றலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது வந்தது. பேஸ் குறைவாக இருந்த காலத்தில்தான் பாட்டு நன்றாக இருந்தது என்பதும் வந்தது. பன்னிரண்டரை மணிக்கு, நான்கு வருடங்களுக்கு முன் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டதையும், ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை தனியாகப் போனதையும், பயப்பட ஒன்றுமில்லை என்று அவர்கள் சொல்லும் வரை ஒன்பது நாள் தூங்காததையும் சொன்னாள்.

"சொல்லலைன்னு நினைக்காதீங்க. முதல் நாளே சொல்ல வந்தேன். ஒரு நிமிஷம்னீங்க."

தெருவே இதைக் கேட்டது. எதிர் வீட்டுக் குளியலறைக்காரர் குழாயை மூடிவிட்டார். பல்செட்டுக்காரரின் கன்னம் நனைந்து சட்டைக் காலர் வரை ஈரமானது. துடைக்கக் கையை எடுத்தால் விரல் நகர்ந்துவிடுமோ என்று துடைக்கவில்லை.

நாலு மணிக்கு, "அவ்வளவுதான்" என்றாள். அவர் அணைக்கவில்லை. இன்னும் ஏதாவது இருக்குமோ என்று காத்திருந்தார். தம்பி சைகை காட்டினான், அதற்கும் அசையவில்லை. இந்த மனிதர் காத்திருக்கிறார் என்பதை நம்ப முடியாமல் அவள் அலமாரி இடுக்கு வழியாக எட்டிப் பார்த்து, "ஏங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லுக்குத் திரும்பாதவர் அன்றைக்கு உடம்போடு முழுதாகத் திரும்பி, "சொல்லு" என்றார். திரும்பிய வேகத்தில் விரல் அழுந்தி ஸ்விட்ச் அணைந்தது.

குரல் அவள் வாய்க்குத் திரும்பிவிட்டது. திங்கட்கிழமை எட்டு ஐம்பது வண்டிக்கு நானூறு பேர் எழுந்து ஓடினார்கள். அந்த ஒரு சொல் மட்டும் பெட்டிக்குள் நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றாலும் அவளுக்கு 'ஏங்க' என்று வருவதில்லை, வெறும் காற்றுதான் வருகிறது. வேறு வழியில்லாமல் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். அவருடைய அக்கா கேட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மாதத்தில் அவளுக்கும் பழகிவிட்டது.

அதன் பிறகு மூன்று ஆம்ப்ளிஃபையர்களையும் கழற்றி, வயர்களைச் சுற்றி, பிளக்கைப் பிடுங்கிப் பரண்மேல் வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொன்றேகாலுக்குப் பரணிலிருந்து அடித்தொண்டைக் களைப்போடு "ஏங்க" என்று கேட்கும். தெருவில் அதைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்பவர்கள் உண்டு. பல்செட்டுக்காரர் செய்துகொண்டிருக்கும் பல்லைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லு" என்று எழுந்து போவார்.

"கூப்பிட்டது நான் இல்ல, பெட்டி" என்பாள் அவள். "எழுந்து வந்துட்டீங்க இல்ல, இந்தப் போர்வைய அந்தப் பக்கம் பிடிங்க."

அவர் பிடித்துக்கொள்வார், அவள் பேசிக்கொண்டே மடிப்பாள்.